வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட்

“அக்கா, போதுமுங்க. வண்டியில ஏறிக்குங்க.”

பின்னால் ஊர்ந்து வந்த வேனிலிருந்து குரல் வந்தது. ஓட முடியாமல் பின்தங்குகிறவர்களை ஏற்றிப் போவதற்கென்றே விட்டிருந்த வேன். கடைசி இரண்டு பேர் வித்யாவும் சத்யபிரியாவும்.

ஒலிம்பிக் தூர டிரையத்லான். ஜேடர்பாளையம் தடுப்பணைத் தண்ணீரில் ஒன்றரை கிலோமீட்டர் நீச்சல் முடிந்தது. நாற்பது கிலோமீட்டர் சைக்கிளும் முடிந்தது. பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில் பாதிதான் தாண்டியிருந்தார்கள். பதினொரு மணிக்குள் முடிவுக் கோட்டைத் தொடாவிட்டால் பதக்கமும் இல்லை, முடித்தவள் என்ற பேரும் இல்லை.

“நாங்க ஓடியே வாரமுங்க. நீங்க முன்னால போங்க.”

“போகக் கூடாதுங்கக்கா. கடைசி ஆளு பின்னாலதான் நாங்க வரணும்.”

ஆட்டையாம்பட்டியில் இந்த ஒரு வருடமாக வித்யாவைப் பற்றிப் பேசாத வாய் இல்லை. “நாப்பத்தி மூணு வயசுல, தறி ஓட்டற ஊட்டுப் பொம்பள, டவுசரு போட்டுக்கிட்டு ஓடறாளாம்!” கணவர் ஜீவானந்தம் மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. விடியும் முன்பே காரோட்டிக் கூட்டி வந்து, இப்போது கோட்டுப் பக்கம் கால் கடுக்க நின்றுகொண்டிருக்கிறார்.

“முடியுமா புள்ள?” என்றாள் சத்யபிரியா.

“முடிச்சாகணும். இன்னிக்கு ஹாஸ்டல்ல இருந்து யுவஸ்ரீ போன் பண்ணுவா. முடிச்சுட்டேன்னு சொல்றதா வாக்குக் குடுத்திருக்கேன்.”

யுவஸ்ரீ வித்யாவின் ஒரே மகள். பத்தாவது. ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் போன்.

“ஹாஸ்டல்னு சொல்லாதடி. இப்பவும் கனவுல அந்த மணி அடிக்குது.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் ஸ்கூலில் ஒரே ரூமில் டிரங்குப் பெட்டி வைத்துப் படித்தவர்கள். அது ஆச்சு இருபத்தைந்து வருடத்துக்கு மேல்.

“வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் ஞாபகமிருக்குதா?” என்றாள் வித்யா.

“பி.டி. பீரியடு! மறக்குமா? கணக்கு சார் வந்து நிப்பாரு. ‘பி.டி. சார் லீவு, நோட்டை எடுங்க’ம்பாரு.”

“ஜன்னல்ல எட்டிப் பாத்தா பி.டி. சார் மரத்தடியில உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருப்பாரு!”

சிரித்த சிரிப்பில் வித்யாவுக்கு விலா பிடித்துக்கொண்டது. பிடித்தபடியே ஓடினாள்.

“ஸ்கூல்ல வாங்கி வெச்ச பந்துக?” என்றாள் சத்யபிரியா.

“பீரோவுல. அப்பா அம்மா பாக்க வர்றன்னிக்கு மட்டும் காத்தடிச்சு, வெளிய அடுக்கி வெப்பாங்க. அவங்க பஸ் ஏறினதும் மறுபடியும் பூட்டு.”

“ஒரே ஒரு தடவ வெளையாடினமே. மழை பேஞ்சு கரண்ட் போன அன்னிக்கு.”

ஆமாம். இருட்டில் படிக்க முடியாதென்று மைதானத்தில் விட்டார்கள். பந்து கூட இல்லை. சேற்றில் சும்மா சுற்றிச் சுற்றி ஓடினார்கள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் ஓடியவள் வித்யா. அந்த அரை மணி நேரத்தை இத்தனை வருடமும் அவள் பத்திரமாக வைத்திருந்தாள். தறிச் சத்தத்துக்கு நடுவே சில மத்தியானங்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வாள்.

“ஏழாவதுல ஜோனல் ஓட்டத்துல ரெண்டாவது வந்தவ நீ.”

“ஹாஸ்டல் சேந்தப்பறம் ஓடவே உடலயே. மார்க்கு வந்துச்சு, இல்லேங்கல. ஆனா இந்தக் காலு சும்மாவே கெடந்து போச்சு பாரு.”

சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. துடைக்க நேரமில்லை.

“டைம் ஆகுதுங்கக்கா!” வேன் ஹாரன் அடித்தது.

கடைசி வளைவில் கூட்டம் தெரிந்தது. எப்போதோ முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். ஜீவானந்தம் கயிற்றுக்கு அந்தப் பக்கம், “வா வித்யா, வந்துரு!” என்று கத்திக்கொண்டே செருப்புக் காலோடு கூட ஓடி வந்தார்.

தோழிகள் கை கோத்துக்கொண்டே கோட்டைத் தொட்டார்கள். நேரம் முடியவில்லை. பதக்கம் கழுத்தில் விழுந்தது.

மைக்கை நீட்டினார்கள். “அக்கா, மொத தடவையே முடிச்சிருக்கீங்க. இதுல இருந்து என்ன கத்துக்கிட்டீங்க?”

வித்யா மூச்சு வாங்கிக்கொண்டாள்.

“நீச்சலை நாப்பது வயசுக்கு மேல கத்துக்கிட்டேனுங்க. ஓட்டத்தை யாரும் கத்துக் குடுக்க வேண்டியதில்லீங்க. நடக்கப் பழகினதுமே கொழந்தை ஓடத்தான் பாக்குது. அதைப் புடுங்காம இருந்தாப் போதும். பெத்தவங்க எல்லாத்தையும் கும்புட்டுக் கேக்கறேன், கொழந்தைகளை வெளையாட உடுங்க. மார்க்கு எங்கயும் போயிறாது.”

கூட்டம் ஆர்ப்பரித்தது. சத்யபிரியா அழுதேவிட்டாள்.

ஜீவானந்தம் போனோடு ஓடி வந்தார். “பாப்பா லைன்ல இருக்கறா.” சத்யபிரியாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“முடிச்சுட்டேன் சாமி!” என்றாள் வித்யா.

“நெசமாவாம்மா? வார்டன் மிஸ், எங்கம்மா முடிச்சுட்டாங்க!” யுவஸ்ரீ அங்கே குதிப்பது இங்கே கேட்டது.

“நீ எப்படி இருக்கற கண்ணு? என்ன சேதி?”

“நல்லாருக்கேம்மா. அப்பறம்... போன வாரம் நீங்க மிஸ்கிட்ட, பத்தாவதுல வெளையாட்டு வேண்டாம்னு கேட்டுக்கிட்டீங்கல்ல, அதனால என்னைக் கபடி டீம்ல இருந்து எடுத்துட்டாங்க. இனிமே அந்த நேரமும் படிப்புத்தான். நான் ஒண்ணும் அழுவலைம்மா.”