மேயரின் கடைசி வாக்கு

எங்கள் பரோ நகரசபையில் போட்ட வாக்கை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். மேயர் ஹார்ட்லி ஒரே வாக்கு வித்தியாசத்தில் பதவியில் இருந்தார். கணவர் குகதாசனின் சக்கர நாற்காலி வீதியில் இறங்க நடைபாதையில் ஒரு சரிவு கேட்டு, யோகேஸ்வரி மூன்று வருடமாக மேயருக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

அன்று மேயர், கழுத்தில் பதவிச் சங்கிலியோடு, அடுத்த நூற்றாண்டைப் பற்றி நேரலையில் முழங்கினார்.

“இஞ்சாருங்கோ, என்ர வாக்கை எடுக்கட்டோ?”

“எடுமப்பா. மனுசன் நிப்பாட்டுற மாதிரித் தெரியேல்லை.”

கைபேசியில் பொத்தானை அழுத்தினாள். மேயரின் ஒலிவாங்கி அணைந்தது. மறுநாள் இரவுக்குள் அந்த வாக்கை மீட்காவிட்டால் பதவி போய்விடும்.

விடியும்போது மேயர், சங்கிலியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, யோகேஸ்வரி வீட்டு வாசல் நடைபாதையில் சீமெந்து பூசிக்கொண்டிருந்தார். மாலையில் குகதாசன் வீதியில் இறங்கினார், மூன்று வருடத்தில் முதல் தடவையாக.

“பாவமப்பா, வாக்கைத் திருப்பிக் குடும்.”

“பொறுங்கோ. இறங்கினாப் போதுமே? எதிர்ப்பக்கம் ஏற வேண்டாமே?”