காதுக்கு மேலே ஏறாத கை

தாவ் மாஸ்டர் இன்றைக்கும் பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

எட்டு அசைவுப் பயிற்சியில் முதல் அசைவே வானத்தைத் தாங்குவதுதான். விரல்களைக் கோத்து, உள்ளங்கையைத் திருப்பி, இரண்டு கையையும் தலைக்கு மேலே நிமிர்த்த வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். இந்த மனிதர் என்னடாவென்றால் காது உயரத்தோடு நிறுத்தி மெல்ல இறக்கிவிடுகிறார். எதிரே நிற்கும் நாற்பது பேரும் அப்படியே செய்கிறார்கள்.

மியாவ் ருயிலிங்குக்குப் பொறுக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் பேரிங் தொழிற்சாலையில், சோதனைப் பிரிவில் இருந்தவள். முடியளவு பிசகினாலும் தூக்கித் தனியே போட்டுவிடுவாள். ஓய்வுக்குப் பிறகு தூக்கம் போய், ரத்தக் கொதிப்பு வந்தது. நாடி பிடித்துப் பார்த்த வைத்தியர், கஷாயத்தைப் பாதியாகக் குறைத்து, தாவ் மாஸ்டர் கூட்டத்தில் போய் நில் என்று அனுப்பினார். சீனாவின் லுவோயாங் நகரத்து ஆற்றோரப் பூங்காவுக்கு, பனிக்காலம் முடிந்து, அவள் வர ஆரம்பித்துப் பதினைந்து நாள் ஆகிறது.

முதல் நாள் வாயைப் பிளந்துதான் நின்றாள். எண்பத்து மூன்று வயது மாஸ்டர், குதிகாலை மரத்தில் தன் தோள் உயரத்துக்கு வைத்து, முழங்காலில் நெற்றி படக் குனிந்தார். கொஞ்சம்கூட மூச்சு வாங்கவில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரி ஒருத்தி பின்னோக்கியே நடந்து பூங்காவைச் சுற்றி வந்தாள், யார் மேலும் இடிக்காமல். இன்னொருவர் தொம் தொம்மென்று மரத்தில் முதுகை மோதிக்கொண்டே ஊர்க்கதை பேசினார். கிழவியானால் இப்படி ஆக வேண்டும் என்று மியாவுக்கு அன்றைக்கே ஆசை வந்துவிட்டது.

காலை அவ்வளவு உயரம் தூக்குகிறவருக்குக் கையைத் தூக்க வலிக்கிறதா? அதுதான் அவளை அரித்தது.

பக்கத்தில் நிற்கும் சுய்யிடம் கேட்டாள். சுய் குடுவையைத் திறந்து செவ்வந்திப்பூத் தேநீரை ஒரு வாய் குடித்தாள். பனிக்காலத்தில் கையை உயர்த்தினால் எலும்புக்குள் குளிர் இறங்கிவிடும், வசந்தம் ஏற ஏறத்தான் கையும் ஏற வேண்டும், மாஸ்டர் சொன்ன விதி அது என்றாள். பிறகு சம்பந்தமே இல்லாமல், அல்லிக்கிழங்குக் கஞ்சி எப்படிக் காய்ச்சுவது என்று ஆரம்பித்துவிட்டாள். போன வருஷம் இந்தக் கூட்டத்துக்குத்தான் நகரப் போட்டியில் முதல் பரிசு, இந்த வருஷம் பேரே கொடுக்கவில்லை என்பதும் பேச்சுவாக்கில் வந்தது.

வீட்டுக்குப் போன மியாவ் படம் போட்ட புத்தகங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தாள். அப்படி ஒரு விதி எதிலும் இல்லை. கிழவருக்குத் தோள் போய்விட்டது, வெளியே சொல்ல வெட்கப்பட்டு விதி கட்டுகிறார் என்று முடிவு கட்டினாள்.

மறுநாள் பயிற்சி முடிந்து, பாதிப் பேர் கிளம்பியதும் நேரே அவரிடம் போனாள்.

"மாஸ்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. முடியலைன்னா வேற ஆளை முன்னால நிறுத்துங்க. உங்களை நம்பி நாற்பது பேர் நிக்கிறாங்க. பாதிப் பயிற்சிக்குப் பாதிப் பலன்தானே கிடைக்கும்?"

சுய் தரையைப் பார்த்தாள். மாஸ்டருக்குக் கோபம் வந்ததாகத் தெரியவில்லை.

"நாளைக்கு நீயே முன்னால நில்லும்மா. அங்கிருந்து பார்த்தா நல்லாத் தெரியும்," என்றார்.

மியாவுக்கு உள்ளுக்குள் பெருமைதான். மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நின்றாள். ஸ்பீக்கரில் புல்லாங்குழல் ஆரம்பித்தது. விரல்களைக் கோத்து, கையை வானம் வரைக்கும் நிமிர்த்தினாள். எப்படிச் செய்ய வேண்டும் என்று எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும்.

ஒருவரும் தொடரவில்லை. நாற்பது ஜோடிக் கைகளும் காது உயரத்திலேயே நின்றன. மாஸ்டருடையதும்தான்.

அவளுக்குச் சுருக்கென்றது. அப்புறம்தான் கடைசி வரிசையைப் பார்த்தாள். எப்போதும் முதல் வரிசையில் நிற்கிறவளுக்கு அந்தப் பக்கம் திரும்ப ஏது நேரம்?

அங்கே, எல்லோரும் கெங் அக்கா என்று கூப்பிடுகிறவள் நின்றாள். வாய் ஒரு பக்கம் லேசாகக் கோணியிருந்தது. நல்ல இடது கை, மரத்துப்போன வலது கையைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தது. காதருகே வந்து, அதற்கு மேல் வராமல் நடுங்கியது. அவள் மியாவின் உயர்ந்த கைகளைப் பார்த்தாள். இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தாள். முடியவில்லை. முகம் சுண்டிப்போய், கோத்த விரல்களைப் பிரிக்கப் போனாள்.

மியாவ் சட்டென்று கைகளைக் காது உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

கெங் அக்காவின் விரல்கள் பிரியவில்லை. எல்லோரோடும் சேர்ந்து, அதே நிதானத்தில், அவள் கைகளும் இறங்கின.

மிச்ச ஏழு அசைவையும் மியாவ் எப்படிச் செய்து முடித்தாள் என்று அவளுக்கே தெரியாது. முடிந்ததும் மாஸ்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

"போன வருஷக் கடைசியில பக்கவாதம். ரோஷக்காரி. தன்னால மட்டும்தான் முடியலைன்னு தெரிஞ்சா மறுநாள் வரமாட்டா. அதான் அந்தக் குளிர் விதியை நானே கட்டிவிட்டேன்," என்றார் மெதுவாக.

முப்பத்தொரு வருஷம் பிசகைத் தேடியே பழகிய கண், இத்தனை பேர் சேர்ந்து, வாய் திறக்காமல், மாதக்கணக்கில் ஒரே அளவில் கையை நிறுத்தியதைப் பார்க்கத் தவறிவிட்டதே என்று மியாவ் கூசினாள்.

"மன்னிச்சுக்கோங்க மாஸ்டர். காதுக்கு மேல போகாம எத்தனை நாளா நிக்கிறீங்க..."

"நிக்கிறோமா?" மாஸ்டர் சிரித்தார். "பனிக்காலத்துல நாங்க நாற்பது பேரும் இடுப்பு வரைக்கும்தாம்மா தூக்கினோம். இப்போ காது வரைக்கும் வந்துட்டோம்."