மூன்றாவது பதில்

ஃபஸீலா விளையாடத் தொடங்கிவிட்டாள் என்று என் திரை காட்டியது.

சிங்கப்பூரில், எங்கள் தஞ்சோங் பகார் அலுவலகத்தில் மதிய உணவு நேரம். எல்லோரும் கீழே சாப்பிடப் போய்விட்டார்கள். எனக்குச் சோறு இறங்குகிற நிலைமை இல்லை.

ஃபஸீலா என் மனைவி. கிளமெண்டியில் அவள் அக்கா வீட்டுக்குப் போய் ஆறு வாரமாகிறது. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. திரும்பி வா என்று எழுதத் தைரியமில்லாமல், நான் வசனம் எழுதிய வீடியோ கேமின் சோதனைப் பிரதியை அனுப்பிவைத்தேன். என்னைப் போன்ற கோழைக்கு வேறென்ன தெரியும்?

கேமில் ஒரு கப்பல் பொறியாளனும் அவன் மனைவியும். விளையாடுகிறவர்தான் கணவன். மனைவி ஏதாவது சொல்வாள். மூன்று பதில்கள் வரும். ஒன்றைத் தொட வேண்டும்.

முதலில் பக்கம் பக்கமாகக் காதலைக் கொட்டி வைத்திருந்தேன். எங்கள் குழுத் தலைவி அமலா படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"டயலாக் எல்லாம் நைஸ் லா. ஆனா இவங்க ஒரே வீட்டுல இருக்கிறவங்கன்னு யாருமே நம்பமாட்டாங்க."

அதன்பிறகுதான் என் வீட்டிலிருந்தே திருட ஆரம்பித்தேன். பிரியாணி முட்டையைப் பேசாமல் என் தட்டுக்குத் தள்ளுவது ஃபஸீலா. மழை தூறினால் ஜன்னலுக்கு வெளியே கழியில் காயும் துணிகளில் என் சட்டையை முதலில் உள்ளே இழுப்பதும் அவள்தான். கேமின் மனைவிக்கு உயிர் வந்துவிட்டது. விளையாடிப் பார்த்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கணவனுக்கு நல்ல பதில் எழுதத்தான் நாக்குத் தள்ளிப்போனது. முதல் இரண்டையும் வாரக்கணக்கில் அடித்துத் திருத்தினேன். மூன்றாவது, யாரும் தொடக்கூடாத பதில். அதை எழுத ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யார் எதைத் தொடுகிறார்கள் என்பது எங்கள் திரையில் வரிவரியாக வந்து விழும். ஃபஸீலா நல்ல பதில்களைத் தொடுவாள், என் மனம் புரியும், ஃபோன் அடிக்கும். இப்படித்தான் நினைத்திருந்தேன்.

'காய்ச்சல் அடிக்குதுங்க' என்றாள் கேமின் மனைவி.

ஃபஸீலா மூன்றாவதைத் தொட்டாள். 'மாத்திரை போட்டுக்கோ. எனக்கு வேலை இருக்கு.'

கை தவறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

'எங்கம்மா இறந்து இன்னியோட ஒரு வருஷம்.'

மறுபடி மூன்றாவது. 'அழுதா திரும்பி வந்துருவாங்களா?'

இரண்டு நொடிகூட யோசிக்கவில்லை அவள். இதுவரை நூற்றுப்பன்னிரண்டு பேர் விளையாடியிருக்கிறார்கள். ஒருவரும் இப்படித் தொட்டதில்லை.

கடைசிக் காட்சி. மனைவி பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். 'நான் போகட்டுமா?'

'போகாதே.' 'என் மேலதான் தப்பு.' 'சாவிய வச்சுட்டுப் போ.'

இங்கே ஃபஸீலா நின்றுவிட்டாள். ஒரு நிமிடம். நான்கு நிமிடம். ஆளில்லாத அலுவலகத்தில் திரையைப் பார்த்து, முதலாவதைத் தொடு, முதலாவதைத் தொடு என்று வாய்விட்டுக் கெஞ்சினேன்.

பதினோராவது நிமிடம் மூன்றாவதைத் தொட்டாள்.

காய்ச்சலில் கிடந்தபோதும், அவள் உம்மாவின் நினைவு நாளிலும், ஆறு வாரத்துக்கு முன் பெட்டியோடு எங்கள் வாசலில் நின்றபோதும், நான் அவளிடம் சொன்னது அந்தந்த மூன்றாவது பதிலைத்தான். ஒரு வார்த்தைகூட மாற்றி எழுதியிருக்கவில்லை நான்.