கொத்துச் சத்தம்

“ஓடாதை! ஓடினா காலடிச் சத்தம் கேக்கும், அவன் வந்திடுவான். மரத்துக்குப் பின்னால குந்து.”

ஜனார்த்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு தட்டெழுதினான். நிலாணி அப்படியே குந்தினாள். கோடரிக்காரன் அவளை உரசுவதுபோல் வந்து, நின்று, கடந்து போனான்.

“அப்பாடா! தாங்க்ஸ் எட்வேட் அண்ணா!” காதில் மாட்டியிருந்த ஹெட்போனில் அவள் குரல் துள்ளியது.

கணினியிலும் கைபேசியிலும் ஆடும் துரத்தல் ஆட்டம் அது. யாரோ ஓர் ஆட்டப் பைத்தியம் உருவாக்கி இணையத்தில் விட்டது. எட்டுப் பேர் ஓடியோ வீடு கட்டியோ ஒளிய வேண்டும், கோடரியோடு ஒருவன் வேட்டைக்காரன். இருபது நிமிடம் பிடிபடாமல் இருந்தால் வெற்றி.

எட்வேட் அண்ணா என்று ஒருவனும் இல்லை. வெளிநாட்டில், ரெக்ஸ்டேல் என்ற புறநகரில் ஒரு நிலவறைக் குடியிருப்பில் இருந்துகொண்டு, ஊரிலிருந்து படிக்க வந்த பொடியன்போல் நடித்துக்கொண்டிருந்தவன் நிலாணியைப் பெற்ற தகப்பன். முந்தி வீட்டில் அவள் ஆடிய அதே ஆட்டத்தில், அதே ஆட்டப் பெயரை வைத்துத் தேடிப் பிடித்திருந்தான். குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் மைக்கை அடைத்துவிட்டு எழுத்திலேயே பேசினான்.

மனைவி பிரதீபா பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் இரண்டு வருடம். எங்கே இருக்கிறார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை, கிட்டப் போகக்கூடாது, பேசக்கூடாது என்று நீதிமன்றம் வேறு சொல்லிவிட்டது. ஒருநாள் கை நீண்டுவிட்டது, அது எந்த வீட்டில்தான் இல்லை என்பது அவன் கட்சி. பிரதீபாவின் முறிந்த மணிக்கட்டுக்குள் இன்றைக்கும் இருக்கிற இரண்டு கம்பிகளைப் பற்றி அவன் வாயே திறப்பதில்லை.

“அடுத்த மாசம் மகளைப் பாக்க விடச் சொல்லிக் கேக்கப்போறம்,” என்று வழக்கறிஞர் அகஸ்ரின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். “பிள்ளையையும் விசாரிப்பினம். அதுவரைக்கும் ஒரு குழப்படியும் செய்துபோடாதையும், விளங்குதோ?”

ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தவன்தான் ஜனார்த்தன்.

“நல்ல வேட்டைக்காரர் கண்ணால தேடமாட்டினம், காதாலதான் தேடுவினம்,” என்று ஒருநாள் அவளுக்கு எழுதினான். “அந்த மூலையில ஒரு பொய் வீடு கட்டு. உள்ளுக்கு ஒரு கோழியை விடு. சத்தம் கேட்டு அவன் அங்க போவான். நீ மற்றப் பக்கம் சத்தம் போடாமல் இரு.”

அவள் கட்டினாள். வேட்டைக்காரன் கோழியைத் தேடிப் போய் ஏமாந்தான்.

“கெட்டிக்காரி குஞ்சு!” என்று, மகளைத் தூக்கி வளர்த்த நாளின் வாய்ப்பழக்கத்தில், சந்தோசமாகத் தட்டிவிட்டான்.

ஒளிந்திருந்த இடத்தை விட்டு நிலாணியின் உருவம் திரையில் வெளியே வந்து நின்றது. பிறகு நிலாணி சிரித்தாள். “அந்தப் பொய் வீடு எப்பிடிக் கட்டுறதெண்டு இன்னொருக்காச் சொல்லுங்கோ அண்ணா.”

அடுத்த கிழமைதான் அந்தச் சத்தத்தை அவன் கவனித்தான். அவள் பேசும்போது பின்னால் யாரோ கொத்துறொட்டி அடித்தார்கள். சூடான தகட்டில் டக டக டகவென்று றொட்டியைக் கொத்தும் இரண்டு தகடுகள் விழுந்தன, பிறகு ஒரு வறட்டு இருமல். மறுநாளும் அதே கொத்து, அதே இருமல்.

ஜனார்த்தன் ஹெட்போனைக் காதோடு அழுத்தினான். அது விட்பி நகரில் கடை வைத்திருக்கும் கிறிஸ்துநாயகம் அண்ணையின் இருமல் அல்லவா! முந்தி அவன் லொறியில் சாமான் இறக்கிய, பின்பக்கம் ரயில் ஓடும் கடை. நிலாணி முன் இருக்கையில் கூடவே வந்து, வாய் நிறையக் கொத்தோடு, அண்ணை கொத்துவதை வீடியோ எடுத்த கடை. மேல்மாடியில் வாடகைக்கு அறைகள் இருப்பதும் அவனுக்குத் தெரியும்.

“மேலதான் ஒளிச்சிருக்கிறா,” என்று பல்லைக் கடித்தான். அடுத்த மாதம் வரை பொறுக்க அவனுக்கு என்ன பைத்தியமா?

ஞாயிறு மத்தியானம் காரை எடுத்தான். ஆட்டத்தைக் கைபேசியில் திறந்து, காதில் மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் பறந்தான். வழி நெடுக மகளின் பேச்சு, பின்னால் கொத்து, இருமல். வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கடை வாசலில் இறங்கியவன் அப்படியே நின்றான்.

கண்ணாடிக்கு உள்ளே பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. கதவில் ‘கடை வாடகைக்கு’ என்ற அறிவிப்பு வெயிலில் வெளுத்துப்போயிருந்தது. மாடி யன்னல்களில் திரையும் இல்லை, ஆளும் இல்லை. காதுக்குள் மட்டும் கிறிஸ்துநாயகம் அண்ணை கொத்திக்கொண்டேயிருந்தார்.

கடைக்குப் பின்னால் ரயில் ஒன்று ஊதிக்கொண்டு போனது. அப்போதுதான் கைபேசியைப் பார்த்தான். கணினியில் ஒருநாளும் மறக்காதவன், இதில் மைக்கை அடைக்க மறந்திருந்தான்.

காதுக்குள் கொத்துச் சத்தம் பட்டென்று நின்றது.

“கடைக்குப் பின்னால போற ரெயின் கேக்குது,” என்றாள் நிலாணி. “நீங்கள் வருவீங்கள் எண்டு அம்மா சொன்னவ. வரமாட்டார், மாறியிருப்பார் எண்டு நான்தான் சண்டை பிடிச்சனான்.”

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“பொய் வீட்டுக்குள்ள சத்தம் வைக்கச் சொல்லித் தந்தது நீங்கள்தானே, அப்பா.”