வெந்நீர் வழக்கு

தம்பையா முதலாளி வங்கிக்குள் நுழைந்ததுதான் தாமதம், தனுஷிகா டீச்சர் நாற்காலியை விட்டு விருட்டென்று எழுந்தாள். முந்தானையை வெடுக்கென்று இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

கிஷாந்த் மேசை மேலிருந்த பேப்பர் வெயிட்டை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தான். ஹட்டன் கிளையில் கடனட்டைப் பிரிவுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ முறைப்பாடுகளைப் பார்த்திருக்கிறான். கைகலப்பை மட்டும் பார்த்ததில்லை.

"ரெண்டு பேரும் தயவுசெஞ்சு உக்காருங்க" என்று கெஞ்சினான். முதலாளி உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் டீச்சர், நடுவே ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அடுத்ததன் நுனியில் உட்கார்ந்தாள்.

விஷயம் இதுதான். முதலாளியின் கடையில் டீச்சர் தன் கடனட்டையில் ஒரு சுடுதண்ணி ஹீட்டர் வாங்கினாள். அது எல்லாம் செய்தது, தண்ணீரைச் சுடவைப்பதைத் தவிர. கடையிலோ 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று ஆள் உயரத்துக்குப் பலகை தொங்குகிறது. காசை மீட்டுத் தரும்படி டீச்சர் வங்கிக்கு எழுதிவிட்டாள். இரண்டு பேருக்குமே இந்தக் கிளையில்தான் கணக்கு. அதனால், கொழும்புத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன் கூப்பிட்டுப் பேசிப் பார் என்று மனேஜர் இதைக் கிஷாந்தின் தலையில் கட்டிவிட்டு நல்ல பிள்ளையாக லீவில் போய்விட்டார்.

"மொதல்ல கடையில நேர்ல கேட்டீங்களா டீச்சர்?"

"நேர்லயா?" டீச்சர் அரண்டுபோனாள். "அது முடியாதுங்க சேர். அதுக்குத்தானே உங்ககிட்ட வந்தேன்."

அவ்வளவு பொல்லாத மனுஷனா என்று கிஷாந்த் முதலாளியைப் பார்த்தான். அவர் தலையிலிருந்த கம்பளித் தொப்பியைக் கழற்றிக் காலி நாற்காலியில் வைத்துவிட்டு, பலமாக ஒரு தும்மல் போட்டார். மழைக்காலத்து ஹட்டனில் தும்மாதவர் யார்? கிஷாந்தும் பதிலுக்கு ஒன்று போட்டான்.

"ஹீட்டர்ல பிழையில்லன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க தம்பி" என்றார் முதலாளி, சுவர்க் கலண்டரைப் பார்த்தபடி.

கை நீட்டினால் தொடும் தூரத்தில்தான் டீச்சர் இருந்தாள். இருந்தாலும் கிஷாந்த் அந்தப் பக்கம் திரும்பிச் சொன்னான். "பிழையில்லையாம் டீச்சர்."

"சிவப்பு லைட் மட்டும் நல்லா எரியுது, தண்ணி ஐஸா வருதுன்னு சொல்லுங்க சேர்" என்றாள் டீச்சர், தரையைப் பார்த்தபடி. "வெள்ளன எந்திரிச்சு வீட்டுல எல்லாத்துக்கும் அடுப்புல வெந்நீர் போட்டுட்டு வட்டகொடை பஸ்ஸ புடிக்கிறதுக்குள்ள எனக்கு உசிரு போகுது. ஸ்கூலுக்குப் பிந்திப் போயி தெனமும் பேச்சு வாங்குறேன். கடைசியா குளிக்கிறவங்களுக்கு அந்த வெந்நீரும் மிஞ்சாது. அத பாத்ரூம் லைட்டுன்னு சொல்லி வித்திருந்தா நான் ஒண்ணும் கேட்டிருக்க மாட்டேன்."

"கம்பனிக்காரன் கொழும்புல வச்சு டெஸ்ட் பண்ணியிருப்பான் தம்பி. நம்ம ஹட்டன் தண்ணி பொல்லாத தண்ணி. பிழை தண்ணியிலதான்."

"அப்ப தண்ணியும் கொழும்புலருந்தே அனுப்புவாங்களான்னு கேளுங்க சேர்!"

முதலாளியின் மீசை துடித்தது. கோபமா சிரிப்பா என்று கிஷாந்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியதில் அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

"எனக்கு எல்லாரும் ஒண்ணுதான் தம்பி" என்றார் முதலாளி. "சொந்தக்காரங்களுக்கே நான் ஒரு சதம் கொறைச்சதில்ல. ஒருத்தர்கிட்ட திருப்பி எடுத்தா, நாளைக்குப் பஜாரே பழைய சாமானத் தூக்கிக்கிட்டு கடை வாசல்ல வந்து நிக்கும்."

கிஷாந்த் பெருமூச்சு விட்டான். "இங்க பாருங்க முதலாளி. இது கொழும்புக்குப் போனா ஆள் வந்து ஹீட்டர பாப்பாங்க. தண்ணி சுடலன்னா உங்க கணக்குலருந்து காச எடுத்து இவங்களுக்குக் குடுத்துருவாங்க."

முதலாளி முதல் முறையாகக் கலண்டரை விட்டுக் கண்ணை எடுத்தார். "பேங்கே எடுத்துட்டா, நான் ஒண்ணும் செய்ய முடியாதுதானே?"

"முடியாது."

"அப்ப கேக்குறவங்ககிட்ட, பேங்குதான் கழுத்தப் புடிச்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்?"

"தாராளமா சொல்லுங்க."

"கையெழுத்து எங்க தம்பி போடணும்?"

கிஷாந்த் சம்மதப் படிவத்தோடு பேனாவை நீட்டுவதற்குள் அவரே பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டார். எழுந்தவர் குரலைத் தாழ்த்தி, "அடுத்த ஹீட்டர கொஞ்சம் சீக்கிரமா வாங்கச் சொல்லுங்க தம்பி. நல்ல கம்பனியா பாத்து" என்றார். இன்னொரு தும்மலோடு மழைக்குள் இறங்கிப் போனார்.

அவர் வாசலைத் தாண்டும் வரை டீச்சர் எழுந்தே நின்றாள். பிறகு அவர் மறந்துவிட்டுப் போன கம்பளித் தொப்பியை எடுத்து, உதறி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வழக்கைத் தீர்த்துவைத்த பெருமை கிஷாந்துக்குத் தாங்கவில்லை. "பாத்தீங்களா டீச்சர், நீங்க நெனச்ச மாதிரி மோசமான மனுஷன் இல்ல அவரு. இந்த வாய அன்னைக்கே அவர்கிட்ட நேரா காட்டியிருந்தா, இங்க வர வேண்டிய தேவையே இருந்திருக்காது."

டீச்சர் பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஐயையோ, என்ன சேர் சொல்றீங்க! மாமனார எதுத்துப் பேசுற பழக்கமெல்லாம் எங்க குடும்பத்துல கெடையாதுங்க!"