தெளிப்பு

பக்கவாதத்தில் விழுந்த தங்கப்பழத்தின் வலது கை நான்கு மாதமாக அசையவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்தார். சித்த வைத்தியர் தைலம் போட்டு நீவிவிட்டார். ஒருவர் மருந்தை மற்றவர் ஏளனம் செய்தாலும், ஒன்றில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள்: "இனி குடிச்சா ஆளு மிஞ்சமாட்டாரு."

அன்று மத்தியானம், பீரோவுக்குப் பின்னால் அகப்பட்ட பிராந்தி பாட்டிலைக் கொட்டப்போன அவர் மனைவி செல்லக்கனிக்கு என்ன தோன்றியதோ, அவருடைய தம்ளரில் விளிம்புவரை ஊற்றி, ஸ்டூலில் கிடந்த அந்தக் கையருகே வைத்தாள்.

முதல் மடக்குக்கு முன் விரலை நனைத்து வெளியே ஒரு சொட்டு தெளிப்பது அவருடைய இருபது வருஷப் பழக்கம்.

வலது கை நடுங்கி எழுந்தது. ஆள்காட்டி விரல் தம்ளருக்குள் நனைந்தது. சுண்டியது. சொட்டு அவள் முழங்கையில் விழுந்தது.

உடனே அவருடைய இடது கை தம்ளரை நோக்கி நீண்டது. செல்லக்கனி அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தம்ளரை மட்டும் எடுக்கவில்லை.

"இந்தக் கை சும்மா இருக்கட்டும்," என்றாள். "அந்தக் கையால இன்னொரு தடவ தெளிங்க."