யாருக்கும் தெரியாத பாட்டு

ஹொசோயா மைக்கைக் கையில் எடுத்தால் போதும், அறை செத்துவிடும்.

அவன் தேர்ந்தெடுக்கும் பாட்டை அங்கே ஒருவரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். வடக்கே ஏதோ ஒரு தீவின் படகுப் பாட்டாக இருக்கும். மெட்டு எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று பிடிபடாது. ஒருவர் கழிப்பறைக்கு எழுந்து போவார். ஒருவர் செல்போனை எடுப்பார். மற்றவர்கள் பொரித்த கோழியைக் கொறித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று திரையைப் பார்த்திருப்பார்கள்.

குசாகாவுக்கு எரிச்சலாக வரும்.

ஷிமிசு துறைமுகத்தில் சூரை மீனை உறையவைக்கும் கிடங்கில் அவர்களுக்கு வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை குளிர் அறைகளைக் காலி செய்து கழுவுவார்கள். அது முடிகிற சனிக்கிழமை மதியம் எட்டுப் பேரும் நேராக, அறை எடுத்துப் பாடும் கரோக்கி கடைக்குப் போவது வழக்கம். எட்டுப் பேரும் முப்பதைத் தாண்டியவர்கள், நாற்பதைத் தொடாதவர்கள்.

பாட்டு வரிசை குசாகாவின் பொறுப்பு. முப்பத்தைந்து வயது ஆம்பிளையை எழுப்பி நிறுத்த ஒரே வழிதான் என்பான். அவன் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும்போது ஊரெல்லாம் ஒலித்த பாட்டைப் போட வேண்டும். வீட்டில் பெண்டாட்டி சிரிக்கச் சிரிக்க, ஒரு வாரம் உட்கார்ந்து பட்டியல் எழுதுவான்.

யாரையும் ஒதுங்க விடமாட்டான். மூலையில் உட்கார்ந்து கைதட்டும் இசோபேயையும் விடுவதில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேலைக்குச் சேர்ந்த சாது மனிதன் அவன். பல்லவி வரும்போது குசாகா மைக்கை அவன் வாயருகே நீட்டுவான்.

"நம்ம வயசுதானே நீ. உனக்குத் தெரியாததா?"

இசோபே சிரித்தபடி வாயசைப்பான். இரைச்சலில் அவன் குரல் கேட்காது.

அன்றும் எல்லோரும் தோளில் தோள் போட்டு ஆடிக்கொண்டிருந்த நேரத்தில் ஹொசோயாவின் பாட்டு வந்தது. ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

அவன் பாடி முடித்ததும் குசாகா அவனைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனான். மூன்று மாதம் மீனோடு மீனாக விறைக்கிறவர்களுக்கு இந்த மூன்று மணி நேரம்தான் சூடு என்றான். எவனுக்கும் தெரியாததைத் தெரிந்து வைத்திருக்கிறேன் என்று காட்டிக்கொள்ளும் இடம் இது இல்லை என்றான்.

"நீ உனக்காகப் பாடறே ஹொசோயா. கூட இருக்கறவனை ஒருநாளாவது நெனச்சுப் பாத்தியா?"

ஹொசோயா ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு மூடிக்கொண்டான்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. அடுத்த தடவை பாத்துக்கறேன்."

மூன்று மாதம் கழித்து, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். அவர்கள் பள்ளியை விட்டுப் பிரிந்த காலத்தில், மாணவர்கள் எல்லோரும் அழுதுகொண்டே பாடிய பாட்டைப் போட்டான். முதல் வரியிலேயே குசாகாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவனுக்கா இப்படி ஒரு குரல்? இத்தனை நாள் இதைக் கொண்டுபோய் எந்தக் கிணற்றில் போட்டிருந்தான்?

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கிரேன் ஓட்டும் முரட்டு ஆள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை பாடச் சொன்னான். ஹொசோயா மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல் பாடினான்.

குசாகா பல்லவிக்கு மைக்கோடு மூலைக்குத் திரும்பினான். இசோபேயின் இடம் காலியாக இருந்தது.

தேடிப் போனால், தாழ்வாரத்தில் குளிர்பான இயந்திரத்துக்கு முன்னால் காலிக் கோப்பையோடு நின்றிருந்தான். பொத்தானை அழுத்தாமல் சும்மா நின்றிருந்தான்.

"கேட்டியா இசோபே? போன தடவை அவனைக் கூப்பிட்டுத் திட்டினது நான்தான். இனிமே அந்த ஊர் பேர் தெரியாத பாட்டெல்லாம் கிடையாது."

இசோபே மெல்லத் திரும்பினான்.

"நீங்களா திட்டினீங்க?"

காலிக் கோப்பையை இயந்திரத்தின் மேல் வைத்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். அவனுக்குப் பன்னிரண்டு வயதில் அம்மாவுக்கு மூளையில் நோய் வந்தது. சின்னச் சத்தம் கேட்டாலும் வலிப்பு வந்துவிடும். டிவி, ரேடியோ எல்லாவற்றையும் வீட்டை விட்டு வெளியேற்றினார்கள். அப்பா தானாகவே வெளியேறிப் போனார். மணி அடித்ததும் பள்ளியிலிருந்து வீட்டுக்கு ஓடுவான். கொஞ்ச நாளில் பள்ளியும் நின்றது. அம்மாவின் பக்கத்தில், கிசுகிசுப்பாகப் பேசியே பதினேழு வருடம் போனது. அவள் இறந்த பிறகுதான் தெருவில் என்ன சத்தம் இருக்கிறதென்றே அவனுக்குத் தெரிந்தது.

இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒருமுறை லாரி பனியில் மாட்டிக்கொண்டு நின்ற இரவில் கூட இருந்த ஹொசோயாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். வெளியே சொல்லாதே என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"நீங்க மைக்கை நீட்டறப்பல்லாம் சும்மா வாயசைப்பேன். உங்க பட்டியல்ல ஒரு பாட்டுகூட எனக்குத் தெரியாது."

உள்ளே பாட்டு முடிந்து கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

"ஹொசோயா தேடிப் பிடிச்சுக் கொண்டுவர்ற பாட்டு அங்க யாருக்குமே தெரியாது," என்றான் இசோபே. "அந்த நாலு நிமிஷம் எல்லாரும் என்னை மாதிரி இருப்பாங்க."